45 வயதுக்குப் பிறகு ராப்: நான்கு அல்பங்களில் எதை முதலில் கேட்பது?

இலங்கைத் தமிழ் ராப் பாடகர் கிரிஷான் மகேசனின் பாட்டுகளைக் கேட்டு சொல்லிசைக்குள், அதாவது ராப்புக்குள், வந்த கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆட்களில் பலர் இப்போது நாற்பதை நெருங்கிவிட்டார்கள். வயது போன பிறகு ராப்பில் சொல்ல என்ன இருக்கு என்ற கேள்வி அவர்களிடம் அடிக்கடி வருகிறது. அதற்குப் பதிலாக வழக்கமாகக் காட்டப்படுபவை ஜே-ஸீ, நாஸ், ஏ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் குழு, எல்.எல். கூல் ஜே ஆகியோரின் நான்கு அமெரிக்க அல்பங்கள். நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

என் முதல் தெரிவு ஜே-ஸீயின் '4:44'. 2017 ஜூன் கடைசியில் அது வந்தபோது அவருக்கு 47 வயது. பத்தே பாட்டு, சுமார் 36 நிமிடம். வேலை நேரத்தில் வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறினால் புறக்கோட்டை வருமுன் முழுதாகக் கேட்டுவிடலாம். தலைப்புப் பாட்டில் மனைவி பியோன்சேயிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கிறார். 'ஸ்மைல்' பாட்டில் தன் தாய் பெண்களை விரும்புபவர் என்பதைப் பெருமையோடு சொல்கிறார், முடிவில் அந்தத் தாயே வந்து தன் குரலில் பேசுகிறார். பாடகி நினா சிமோனின் குரலை வைத்துக் கட்டிய 'தி ஸ்டோரி ஒஃப் ஓ.ஜே.'யில், புரூக்ளினில் 20 லட்சம் டொலருக்கு வாங்கியிருக்கக்கூடிய கட்டிடம் இன்று 250 லட்சம் ஆகிவிட்டதே என்று புலம்புவது, காலி வீதியில் அன்றைக்குக் காணி வாங்காமல் விட்ட கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போலவே இருக்கும். இருபத்தைந்து வயதில் இந்த அல்பத்தை யாராலும் எழுத முடியாது, ஜே-ஸீயாலும் முடியாது. அமெரிக்க இசை விருதான கிராமிக்கு எட்டுப் பரிந்துரை கிடைத்து ஒன்றுகூட வெல்லாதது எனக்கு இன்னும் கோபம்தான். வேகமும் வித்தையும் தேடுபவர்களுக்கு மட்டும் இது பிடிக்காது, பல இடங்களில் அவர் பேசுவதுபோலத்தான் பாடுகிறார்.

வித்தை வேண்டும் என்றால் நாஸிடம் போங்கள். 1994இல் 'இல்மாட்டிக்' அல்பத்தைத் தந்த மனிதர் முதல் கிராமியை 'கிங்ஸ் டிசீஸ்' மூலம் 2021இல்தான் வாங்கினார். ஆனால் அந்த வரிசையில் நான் எடுப்பது 2022இல் வந்த மூன்றாம் பாகத்தை. விருந்தினர் குரலே இல்லை, முழுக்க அவர்தான், ஓரிடத்திலும் மூச்சுத் தளரவில்லை. குறை என்னவென்றால், 2020 முதல் 2023 வரை இசைத் தயாரிப்பாளர் ஹிட்-போயோடு ஆறு அல்பம் போட்டிருக்கிறார்; தொடர்ந்து கேட்டால் பழைய தெரு, கிடைத்த வெற்றி, மறுபடி பழைய தெரு என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஏ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட்டின் கடைசி அல்பத்தை இவற்றோடு நிறுத்துப் பார்ப்பதே கஷ்டம். 18 வருட இடைவெளி. நீரிழிவோடு போராடிய குழுவின் ராப்பர் ஃபைஃப் 2016 மார்ச்சில், வேலை முடியுமுன்னே 45 வயதில் இறந்துபோனார். அல்பம் வந்தது அதே நவம்பரில், ட்ரம்ப் முதல்முறை வென்று மூன்றாம் நாள். 'வி த பீப்பிள்' பாட்டின் பல்லவி கறுப்பர், மெக்சிக்கர், ஏழைகள், முஸ்லிம்கள் என்று வரிசையாகக் கூப்பிட்டு, வெறுப்பவர்களின் குரலில் கிண்டலாக, வெளியே போகச் சொல்கிறது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதை மறக்காத யாருக்கும் அந்தப் பல்லவிக்கு விளக்கம் தேவைப்படாது. அரசியலுக்காகக் கேட்பதென்றால் '4:44'ஐவிட இதையே முன்னால் வைப்பேன்.

எல்.எல். கூல் ஜே 2024இல், 56 வயதில், 11 வருட இடைவெளிக்குப் பிறகு 'தி ஃபோர்ஸ்' போட்டார். எமினெமோடு சேர்ந்து போட்டி போட்டுப் பாடும் பாட்டில் அவர் பின்வாங்கவே இல்லை. நல்ல அல்பம்தான், ஆனால் "எனக்கு இன்னும் முடியும்" என்பதைத் தாண்டி என் மனதில் பெரிதாக எதுவும் நிற்கவில்லை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று நான்கிலும் இருக்கிறது. ஜே-ஸீக்கு நோ ஐ.டி., நாஸுக்கு ஹிட்-போய், மற்ற இரண்டுக்கும் கியூ-டிப் என்று பெரும்பாலும் ஒரே ஆளின் கைதான் இசையைப் பிடித்திருக்கிறது. இங்கே பாட்டுக்கொரு பீட் தேடி, ஒருவரோடொருவர் ஒட்டாத பத்துப் பேரிடம் வாங்கி அல்பம் கட்டுகிறோம். அதைவிட ஒரே ஆளோடு ஆறு மாதம் உட்காரலாம், செலவும் குறையும். '4:44'ஐப் புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள், வரிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.