ஜிம்மிக்கு முடி திரும்பி வந்தது: மத்தி மீன், சீப்பு, மழைக்காலப் பராமரிப்பு

நாய்க்கு முடி கொட்டுகிறது என்று திருவாரூர்ப் பக்கம் யாரிடம் சொன்னாலும், "என்ன எண்ணெய் தடவுறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய், மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய் என்று ஆளுக்கு ஒரு யோசனை வரும். தட்டில் என்ன விழுகிறது என்று கேட்பவர் குறைவு. ஜிம்மி எங்களிடம் வந்து இரண்டு சம்பா அறுவடை தாண்டிவிட்டது. இத்தனை நாள் பார்த்ததில் உறுதியாகச் சொல்கிறேன்: முதலில் தட்டைப் பாருங்கள், அடுத்தது சீப்பு. எண்ணெய் கடைசியில்தான், அதுவும் மேலே தடவுவதற்கு இல்லை, சோற்றில் விடுவதற்கு.

ஜிம்மி வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பத்து கிலோ எடை. எங்கள் தெருவில் இருந்த பெரியவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனார். பாசமாகத்தான் வளர்த்தார். ஆனால் சைவ வீடு. வேளை தவறாமல் தயிர்சாதம், சாயங்காலம் பால் பிஸ்கட். வந்தபோது முதுகெலும்பு நெடுக முடி மெலிந்து தோல் தெரிந்தது. மிச்சமிருந்த முடி கைக்கு வைக்கோல் மாதிரி சொரசொரத்தது. கோதினால் பொடுகு உதிரும். காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்து கட்டியாகிக் கிடந்தது.

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டினோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முடி கொட்ட உண்ணி, சொறிப்பூச்சி, பூஞ்சை, தைராய்டு என்று பல காரணம் உண்டு. சொறிப்பூச்சி இருக்கிற நாய்க்கு எவ்வளவு மீன் போட்டாலும் பிரயோஜனமில்லை. மன்னார்குடி வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். தோலை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சொறிப்பூச்சி இல்லை. உண்ணி இருந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு டாக்டர் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான்.

முடி என்பது பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். நாய் சாப்பிடும் புரதத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை தோலுக்கும் முடிக்குமே போகிறது என்று சொல்வார்கள். புரதம் போதாதபோது இதயத்துக்கும் தசைக்கும் கொடுத்தது போக மிச்சம்தான் முடிக்கு. இப்போது தயிர்சாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிராம் சோற்றில் 8 கிராம் புரதம், 150 கிராம் தயிரில் 5 கிராம். மொத்தம் 13. பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 18 கிராமாவது வேண்டும். முடி திரும்ப வளர வேண்டிய நாய்க்கு அதற்கும் மேலே. வயிறு நிறைந்துவிடுவதால் நமக்குக் குறை தெரிவதில்லை. கொழுப்பிலும் இதே கதைதான். தோலுக்கு லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு கட்டாயம் வேண்டும், நாயின் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது. நல்லெண்ணெயில் அது ஏறக்குறைய 40 சதவீதம். தேங்காயெண்ணெயில் இரண்டு சதவீதம் இருந்தால் அதிகம். தேங்காயெண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும், சாயங்காலத்துக்குள் புழுதி ஒட்டிக்கொள்ளும். வேருக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை.

இப்போது ஜிம்மியின் ஒரு நாள் சாப்பாடு இப்படி: வேகவைத்த கோழிக்கறியோ மீனோ 200 கிராம், சோறு 150 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பூசணியோ கேரட்டோ வேகவைத்தது, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். இதை இரண்டு வேளையாகப் பிரித்துவிடுவோம். முட்டையை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், முடிக்கு வேண்டிய பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுச் சாப்பாட்டில் கால்சியமும் துத்தநாகமும் குறைந்துபோகும், அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தாதுப்பொடி சேர்க்கிறோம். துத்தநாகம் குறைந்தாலும் தோல் செதிலாக உரியும். இவ்வளவு சமைக்க முடியாதவர்கள் நல்ல பாக்கெட் தீவனமே போடலாம். வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் புரத அளவைப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு ஈரம் நீங்கலாக 18 சதவீதம் என்பது அடிமட்டம். நீள முடி நாய்க்கு நான் 24க்குக் கீழே வாங்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் காட்டியது மத்தி. ஒமேகா-3 கொழுப்பு அதில் ஏராளம், சின்ன மீன் என்பதால் பாதரசப் பயமும் குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் வாங்குகிறேன். நாய்க்கு என்று தெரிந்த நாளிலிருந்து, "உடைஞ்சத எடுத்துக்க தம்பி, முழு மீனுக்கு எதுக்குக் காசு குடுக்குற" என்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். உடைந்ததாக இருக்கலாம், ஆனால் அன்றைய மீனாக இருக்க வேண்டும். குடலை எடுத்துவிட்டு, உப்பு, புளி, மிளகாய் எதுவும் போடாமல் குக்கரில் மீன் முங்கும் அளவு தண்ணீர் விட்டு, விசில் வந்ததும் தணலைக் குறைத்து அரை மணி நேரம் விடுகிறேன். திறந்ததும் நடுமுள்ளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பேன். மாவாகப் போனால் சரி, குத்தினால் இன்னும் பத்து நிமிஷம். அப்படி வெந்த முள்ளே கால்சியமும் ஆகிவிடுகிறது. சாற்றைக் கொட்டாதீர்கள், மேலே மிதக்கும் எண்ணெய்க்காகத்தான் இவ்வளவும். சோற்றில் அதை விட்டுப் பிசைந்தால் ஜிம்மி தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே திண்ணை ஓரம் வரை போய்விடுவாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மத்தி கிடைத்தாலும் விலை எகிறும். பங்குனியிலேயே கொஞ்சம் வேகவைத்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்வோம். தீர்ந்ததும் மீன் எண்ணெய் மாத்திரை. மனிதர்களுக்கு விற்கும் 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ 180 மில்லிகிராமும் டிஹெச்ஏ 120 மில்லிகிராமும் சாதாரணமாக இருக்கும். எங்கள் டாக்டர் சொன்னபடி நாளைக்கு ஒன்று, ஓட்டை போட்டுச் சோற்றில் பிழிந்துவிடுவோம். கடையில் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேண்டாம். அதில் வைட்டமின் ஏ, டி நிறைய. தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து கெடுதல் செய்யும். முடிக்கென்றே விற்கும் டானிக் ஒன்றும் ஒரு பாட்டில் முழுக்கக் கொடுத்துப் பார்த்தோம். மீன் சாப்பிடும் நாய்க்கு அது தனியாக எதையும் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

பலன் உடனே வராது. பொடுகு சில வாரத்தில் அடங்கியது. முடிக்கு மூன்று மாதம் ஆனது. பழைய முடி உதிர்ந்து புதுசு முளைத்துத்தான் ஆக வேண்டும், இருக்கும் முடியை எந்தச் சாப்பாடும் சரிசெய்யாது. ஆடியில் மாற்றியதற்கு ஐப்பசியில், முதுகு முடியை வகிர்ந்து பார்த்தபோது அடியில் குட்டையாக, மிருதுவாக, அடர்ந்து கிளம்பியிருந்தது. தோல் தெரியவில்லை. அன்றைக்கு நானும் என் மனைவியும் மாறி மாறி வகிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். இதற்கு நடுவில் முதல் மாதம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. பயந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சீப்பு விஷயத்தில் இரண்டு போதும்: வளைந்த கம்பிப் பற்கள் உள்ள பிரஷ் ஒன்று, இரும்புச் சீப்பு ஒன்று. ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலோட்டமாகச் சீவினால் மேல்முடி அழகாகப் படியும், உள்ளே அடிமுடி கட்டிக்கொண்டே போகும். பின்காலில் தொடங்கி, இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வகிடு வகிடாக அடியிலிருந்து சீவ வேண்டும். கடைசியில் சீப்பு தோல் வரை தடையில்லாமல் ஓட வேண்டும். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையின் பின்பக்கம் இந்த மூன்று இடத்தில்தான் சிக்கு பிடிக்கும். வரப்பில் ஓடிவிட்டு வந்தால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் உடம்பெல்லாம் ஏறியிருக்கும். அன்றைக்கே எடுத்துவிடுங்கள், விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் பாருங்கள். சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டவும் கூடாது, நனைந்து காய்ந்தால் அது இறுகிவிடும், அப்புறம் கத்தரிதான்.

குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. நாய்க்கான ஷாம்புதான், நாய்த்தோலின் அமிலத்தன்மை வேறு, நம் சோப்பு அதை வறட்டிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றுகிறோம். முடியின் பிசுபிசுப்பு இதிலேயே குறைந்தது.

டெல்டாவில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகைதான். நாள்கணக்கில் வெயில் இல்லை, நாற்றங்காலெல்லாம் தண்ணீர், நாயின் அடிமுடி காய்வதே இல்லை. முதல் மழைக்காலத்தில் ஜிம்மியிடம் ஒரு புளித்த வாடை வந்தது. பாதத்தை ஓயாமல் நக்கி விரலிடுக்கு முடி துருநிறமானது. ஈஸ்ட் பூஞ்சை என்றார் டாக்டர். குளோரெக்சிடின், மைக்கோனசோல் என்ற மருந்துகள் சேர்ந்த ஷாம்பு கொடுத்தார். நுரையைப் பத்து நிமிஷம் உடம்பில் ஊறவிட்டால்தான் மருந்து வேலை செய்யும். இப்போது மழைக்காலத்தில் வாசலிலேயே பழைய வேட்டித் துண்டு தொங்கும். உள்ளே வரும்போது நாலு பாதம், விரலிடுக்கு, வயிறு துடைத்து, ஃபேனுக்கு அடியில் முடியைப் பிரித்துவிட்டுக் காயவைப்போம். வாடை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தொடர்மழையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

சித்திரையில் வேறு பிரச்சினை. உண்ணி நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பில்தான் அதிகம் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மாத்திரை கொடுத்ததோடு திண்ணை வெடிப்புகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம், அதற்கப்புறம்தான் குறைந்தது. அக்னி நட்சத்திரத்தில் "மொட்டை அடிச்சு விடுங்க, பாவம்" என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த முடிதான் வெயிலைத் தடுக்கிறது, வெள்ளை நாயின் ரோஜாநிறத் தோல் வெயிலில் வெந்துபோகும். ஒட்டச் சிரைத்த ஸ்பிட்ஸுக்குச் சில சமயம் முடி பழையபடி வளராமலே போவதும் உண்டு. அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும், அதுவே போதும்.

வீட்டுச் சாப்பாடு என்றதும் மிச்சக் குழம்பைப் பிசைந்து வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மீன்குழம்பில் மீன் இருக்கிறது, ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பொங்கலன்று அம்மா, "ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் அதுக்கும் வைடா" என்பார். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நெய்யும் முந்திரியும் திராட்சையும் போடுவதற்கு முன்பே, வெறும் வெண்சோறாக இருக்கும்போது ஒரு உருண்டை எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம், அப்படியே செய்கிறார்.

முடி கொட்டுவது நின்றுவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. ஸ்பிட்ஸுக்கு நம் வெப்பத்தில் வருஷம் முழுக்க உதிரும், பருவம் வந்து போனபின் பெண் நாய்க்கு இன்னும் கூடும். நான் பார்ப்பது உதிர்ந்த இடத்தில் முளைக்கிறதா என்பதைத்தான். முளைக்காமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை விழுந்தாலோ, வால் மொட்டையானாலோ, வட்ட வட்டமாகப் போனாலோ, இரவெல்லாம் சொறிந்தாலோ சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.