பழைய காருக்கு சஸ்பென்ஷன் கிட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." நேற்று ராத்திரி அந்த ஆன்லைன் சந்தையிலிருந்து வந்த பதில் இது. என்னத்தைத் தீர்த்தார்கள்? என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைத்தான் தீர்த்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. பல விற்பனையாளர்கள் கார் உதிரி பாகங்களை விற்கிற தளம், அவ்வளவுதான்.

என் கார் பழசு, ஆனால் என்ஜினில் ஒரு குறையும் இல்லை. முன்பக்க ஷாக் அப்சார்பர்தான், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்தான், தேய்ந்துவிட்டது. பிரேக் போட்டால் மூக்கு குனியும், பள்ளத்தில் இறங்கினால் ஆட்டம் அடங்காது. ஒரிஜினல் பாகம் இப்போது வருவதில்லை. அதனால் ஆஃப்டர்மார்க்கெட் கிட், அதாவது கார் கம்பெனி அல்லாத வேறு ஆட்கள் செய்த செட், தேடினேன்: நாலு ஷாக், காரின் உயரத்தைக் குறைக்கும் நாலு லோயரிங் ஸ்பிரிங், ஒரே பெட்டியில்.

விற்ற ஆள் பேசிய பேச்சைச் சொல்லியே ஆகவேண்டும். மற்றவர்கள் மாடலையும் வருஷத்தையும் கேட்டுவிட்டு "செட் ஆகும் சார்" என்று முடித்துக்கொண்டார்கள். இவர் விலையே சொல்லவில்லை. வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மாட்டியிருக்கிறதா, லோயர் ஆர்மிலா (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) என்று கேட்டார். ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் டாப் மவுண்ட் பேரிங் எப்போது மாற்றியது என்று கேட்டார். ஸ்பிரிங்கை மட்டும் 40 மில்லிமீட்டர் இறக்கிவிட்டுப் பழைய நீளத்து ஷாக்கை வைத்தால், அது கீழே அமுங்க இடம் போதாமல் பம்ப் ஸ்டாப் என்ற முட்டுக் கட்டையில் போய் இடிக்கும், தங்கள் செட்டில் ஷாக்கும் குட்டை, ஸ்பிரிங் விறைப்புக்குத் தகுந்த வால்வு என்று பொறுமையாக விளக்கினார். சொன்ன தொழில்நுட்பத்தில் ஒரு வார்த்தை தப்பில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "அவசரப்படாதீங்க சார். முதல்ல கண்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாம் பாருங்க, ரப்பர் வெடிச்சிருந்தா அதை மாத்திட்டு அப்புறம் என்கிட்ட வாங்க." விற்க வந்தவரே இப்போது வாங்காதே என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அன்றைக்கே பணம் கட்டினேன். ஒரு மாதச் சம்பளம், முழுசாக.

மாட்டுவதற்கும் தளமே ஒரு "அங்கீகாரம் பெற்ற" ஒர்க்‌ஷாப்பைக் காட்டியது. அங்கேயே மாட்டினேன். கொஞ்ச நாள் ஜம்மென்று போனது. அப்புறம் முன் இடது பக்கம் டொக் டொக் என்று சத்தம். வேகத்தடையில் இறங்கி ஒரே அமுக்கில் நிற்கவேண்டிய கார் தொட்டில் மாதிரி ஆடியது.

விற்ற ஆளிடம் கேட்டால், "புது ஸ்பிரிங் சார், செட்டில் ஆகட்டும்." ஸ்பிரிங் செட்டில் ஆனால் உயரம் கொஞ்சம் இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். டொக் டொக் எங்கிருந்து வரும்? கொஞ்ச நாளில் ஷாக் உடம்பெல்லாம் எண்ணெய். படம் அனுப்பினேன். உடனே குரல் மாறிவிட்டது: "மாட்டும்போது ஷாக்குக்குள்ள போய்வர்ற ராடை பிளையரால் பிடிச்சிருப்பாங்க, அதுல எண்ணெயை அடைக்கிற சீல் கிழிஞ்சிருக்கும். வாரண்டி கிடையாது." ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "பார்ட் மட்டம் சார், நாங்க என்ன பண்றது?" தளமோ, நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பவர்கள் மட்டுமே என்றது. விடாமல் கேட்டதற்கு, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். கெடு முடியும் வரை செட்டில் ஆகட்டும் என்று இழுத்தடித்ததே அவர்கள் தளத்து ஆள்தானே!

வேறொரு மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்த்தோம். ராடை மூடியிருந்த டஸ்ட் கவரைத் தள்ளியதும் ராடின் மேல் பாகத்தில் பிளையரின் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது. சரி, அந்த ஆள் சொன்னது உண்மைதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மெக்கானிக் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். தடங்களுக்குள் கறுப்பு பெயிண்ட் இறுகிப் போயிருந்தது. ஷாக் உடம்புக்கு அடித்த அதே கறுப்பு. அதாவது, பிளையர் கடித்தது முதலில், பெயிண்ட் அடித்தது அப்புறம். ஷாக் உடம்பை நகத்தால் சுரண்டினால் அடியில் சிவப்பு. தயாரிப்புத் தேதி இருக்கவேண்டிய இடத்தை அரம் போட்டு ராவியிருக்கிறார்கள். வேறு ஏதோ வண்டியில் ஓடித் தேய்ந்ததைத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு!

இந்தப் படங்களை அனுப்பியதற்குத்தான் "தீர்க்கப்பட்டு மூடப்பட்டது".

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பெட்டி வந்ததும், மாட்டுவதற்கு முன்னால், டஸ்ட் கவர் இருந்தால் அதைத் தள்ளி ராடைப் பாருங்கள். ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இடது, வலது இரண்டையும் கையால் அமுக்குங்கள், எதிர்ப்பு ஒரே அளவாக இருக்கவேண்டும். லோயரிங் ஸ்பிரிங் மாட்டிய காரை ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் கிண்ணத்தில் தளர்ந்து ஆடினால் ஓட்டாதீர்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கச் சொல்லுங்கள், சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகி சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். "செட்டில் ஆகட்டும்" என்று சொன்னால் அன்றைக்கே எழுத்தில் புகார் போடுங்கள்.

அந்த கிட் இன்னும் அங்கே "புத்தம் புதியது" என்றுதான் விற்பனையில் இருக்கிறது. கறுப்பு உடம்பு ஷாக்கும் லோயரிங் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டை இப்படி ஒரு தளத்தில் வாங்கியவர்கள், ஓரமாகச் சுரண்டிப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.