ஜாமீன் தொகை என்று சொல்லி 28,000 ரூபாயைப் பறித்துவிட்டான்

நேற்று மாலைதான் என் தம்பி சிறையிலிருந்து வெளியே வந்தான். ஜாமீன் கிடைத்தது அதற்குப் பத்து நாள் முன்பு. அந்தப் பத்து நாளும் அவன் உள்ளே கிடந்ததற்கும், அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருப்பதற்கும் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஓர் ஆள்தான் காரணம். யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்றுதான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தெருச் சண்டை ஒன்றில் தம்பியின் பெயரும் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜாமீன் உத்தரவு வந்தது. ‘தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்.’ எங்கள் வழக்கறிஞர், "இரண்டு ஜாமீன்தாரர்களை அழைத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார். அந்த ஒரு வரியை எங்களுக்குப் புரியும்படி விளக்க ஆளில்லை.

அப்போதுதான் அவன் வந்தான். வெயிலில் நின்றுகொண்டிருந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டான், தேநீர் வாங்கிக் கொடுத்தான். "அம்மா, திங்கட்கிழமை இரவு உங்கள் பிள்ளை உங்கள் கையால் சாப்பிடுவான்" என்றான். அம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகு கணக்குச் சொன்னான். நீதிமன்றத்தில் கட்ட 20,000, கையெழுத்துப் போட வரும் இருவருக்கு 8,000. சித்தப்பா கையெழுத்துப் போடுவாரே என்றேன். "வேறு மாவட்டக்காரர் கையெழுத்து செல்லாது, தம்பி" என்றான். நான் நம்பினேன். சங்கிலியை அடகு வைத்து, அன்று மாலையே 28,000 ரூபாயைக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நீதிமன்றமே கொடுக்கும்" என்றான்.

திங்கட்கிழமை அவன் அனுப்பிய இருவரும் வந்தார்கள். இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். ஜாமீன்தாரர் இதை உறுதிமொழியாகவே சொல்லியாக வேண்டுமாம். ஒருவர் விழித்தார். மற்றவர் கொடுத்த வீட்டு வரி ரசீது ஏற்கெனவே வேறொரு வழக்கில் கொடுக்கப்பட்டிருந்தது. இருவரையும் ஏற்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கேட்டால், "நீதிபதி கண்டிப்பானவர், வேறு ஆள் பார்க்கிறேன்." புதன்கிழமை, "கல்யாண வீட்டில் இருக்கிறேன்." வியாழக்கிழமை கடையிலிருந்த பையன், "அண்ணன் வெளியூர்" என்றான். உள்ளே அவன் செருப்பு கிடந்தது! கடைசியாகப் பேசியபோது, "எந்தப் பணம்? எழுதிக் கொடுத்தேனா?" என்று கேட்டான். 28,000 ரூபாய்!

மறுநாள், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த வழக்கறிஞர் அம்மா உத்தரவைப் படித்துவிட்டு, "பணம் எதற்குக் கட்டினீர்கள்?" என்றார். உத்தரவில் உள்ள 10,000 என்பது உறுதிமொழித் தொகை. தம்பி வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால்தான் ஜாமீன்தாரரிடம் அதைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் அன்று ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. வேறு மாவட்டக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். மோதி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டத்தில் இருந்த அவருடைய சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்த நீதிபதியை உச்ச நீதிமன்றம் 1978இலேயே கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவரே எழுதிக் கொடுக்கும் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னதாம். அவன் என்னிடம் விற்றது 1978இலேயே செத்துப்போன பொய்.

சித்தப்பாவும் வீடு போய்விடுமோ என்று பயந்துகொண்டுதான் இருந்தார். அவர் பொறுப்பு அந்தப் பத்தாயிரத்தோடு சரி என்று அந்த அம்மா விளக்கியதும் கிளம்பி வந்தார். அவரும் பக்கத்து வீட்டு மாமாவும் வரி ரசீது, ஆதார், புகைப்படத்தோடு நேற்றுக் காலை நின்றார்கள். மாலையில் தம்பி வெளியே. ஜாமீனுக்காக நீதிமன்றத்தில் நாங்கள் கட்டிய தொகை பூஜ்யம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. நிபந்தனை ஜாமீன், 10.30 மணிக்குத் தம்பி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வாசலில் நிற்கிறான். அவசரமாகச் சில: ஜாமீன் தொகையைக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் உத்தரவு நகலை வாங்கி நீங்களே படியுங்கள். முன்பின் தெரியாதவரை ஜாமீன்தாரராக நிறுத்தாதீர்கள். போலி ஆவணம் என்றால் உங்கள் தலையும் உருளும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கையெழுத்து முடிந்ததும் அதே நிலையத்தில் அவன்மேல் புகார் கொடுக்கப் போகிறேன். 28,000 ரூபாய்.