உதிரிப்பாகக் கடையில் உள்ளக வலையமைப்பு: கிளிநொச்சியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், நீர்ப்பம்பி ஆகியவற்றுக்கான உதிரிப்பாகங்களை விற்கும் எங்கள் கடையும், புதுக்குடியிருப்பில் இயங்கும் அதன் கிளையும் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் ஓர் உள்ளக வலையமைப்பை, அதாவது எங்கள் ஊழியர்கள் மட்டும் திறக்கக்கூடிய பக்கங்களைக் கொண்ட இன்ட்ரானெட்டைப், பயன்படுத்தி வருகின்றன. இன்ட்ரானெட் என்பது பெரிய கம்பனிகளுக்கும் வங்கிகளுக்கும் உரியது என்று எண்ணும் சிறு வணிகர்கள் வன்னியில் பலர் இருக்கிறார்கள். பத்துக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட கடைக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்பதே எனது உறுதியான கருத்து. ஏனெனில், இத்தகைய கடைகளில் தொழில் விபரம் முழுவதும் ஓரிருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர்கள் வெளிநாடு போனால் அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது.

காலபோக விதைப்புக்கு முந்திய வாரங்களில், அக்கராயனிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வரும் விவசாயிகள் இலக்கம் தேய்ந்து அழிந்த பேரிங்கைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். முன்பு களஞ்சியப் பொறுப்பாளர் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு; அவர் விடுப்பில் நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இப்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் அதை அளந்து, உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர் என்று தேடினால், 6205 இலக்கப் பேரிங்குக்குரிய பக்கம் திறக்கிறது. அது எந்தெந்த இயந்திரங்களில் எவ்விடத்தில் பொருந்தும், எந்தத் தட்டில் இருக்கிறது, அதனுடன் சேர்த்து மாற்றவேண்டிய ஓயில் சீல் எது, இன்றைய விலை என்ன என்பவை அனைத்தும் அந்தப் பக்கத்தில் உள்ளன. அவற்றுட் பெரும்பகுதி அந்தப் பொறுப்பாளர் சொல்லச் சொல்ல நாங்கள் தட்டச்சிட்டவை. இந்த ஒரு பயனுக்காகவே முழுச் செலவையும் நான் நியாயப்படுத்துவேன்.

நாங்கள் பயன்படுத்துவது 2004இல் வெளிவந்த, இலவசமாகக் கிடைக்கும் டொகுவிக்கி என்ற மென்பொருள்; ஊழியர்களே உலாவியில் பக்கங்களை எழுதவும் திருத்தவும் அது உதவுகிறது. தனியான தரவுத்தளம் எதுவுமின்றி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே அது சேமிப்பதால், ஒரு கோப்புறையைப் பிரதியெடுத்தாலே காப்புப்பிரதி ஆகிவிடுகிறது. ஒரு விலையை யார், எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகிறது. அது ராஸ்பெரி பை 4 என்ற கையளவான சிறு கணினியில் இயங்குகிறது. அதன் மின்வழங்கி 5 வோல்ட், 3 அம்பியர் அளவிலானது. அதாவது அந்தக் கணினியின் மின்தேவை 15 வாட் அளவுக்குள் அடங்கிவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, கடையில் விற்பனைக்கு இருந்த 12 வோல்ட் பற்றரி ஒன்றிலிருந்து அதற்கும் வைஃபை ரவுட்டருக்கும் மின்சாரம் கொடுத்தோம். மேசைக் கணினிகள் அணைந்திருந்தாலும் ஊழியர்கள் தங்கள் கைத்தொலைபேசியில் பக்கங்களைப் பார்த்து வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். வெளி இணையத் தொடர்பு அறுந்தாலும் கடைக்குள் எதுவும் நிற்பதில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, விலைப்பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வைத்திருப்பது எவ்வளவு பலவீனமானது என்பது தெளிவாகிவிட்டது.

அறுவடைக்குப் பணம் தருவதாகச் சொல்லிப் பொருள் எடுக்கும் விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டால், வேலையை விட்டுப் போனவரின் தொலைபேசியிலும் அவை தங்கிவிடும். உள்ளக வலையமைப்பில் அந்தப் பக்கங்களை இருவர் மட்டுமே திறக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ள நிலையில் இது சிறு கடைகளும் கருத்திற்கொள்ள வேண்டிய விடயம். சட்டம் இல்லாவிட்டாலும் நம்பிக் கடன் கேட்பவருக்கு நாங்கள் செய்யவேண்டிய மரியாதை அது.

குறைகளும் உண்டு. புதுக்குடியிருப்புக் கிளை வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் ஊடாகவே எங்களை அடைகிறது. அங்கே 4ஜி அலை விழுந்தால் அவர்களுக்குப் பக்கங்கள் திறக்காது. அதற்காக விலைப்பட்டியலை ஒவ்வொரு காலையும் அச்செடுத்து வைக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரிவதால் தமிழில் தேடினால் அகப்படுவதில்லை. அவற்றைத் தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னரே தேடல் முழுப்பயன் தந்தது. இருப்புக் கணக்கையும் பற்றுச்சீட்டையும் இதில் செய்ய முயலக்கூடாது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். மின்சாரம் திடீரென நிற்கும் இடங்களில் ராஸ்பெரி பையில் செருகும் சிறு நினைவக அட்டை விரைவில் பழுதாகும் என்பதால், தொடக்கத்திலேயே எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் பொருத்திவிடுவது நல்லது. காப்புப்பிரதியைக் கடைக்குள் வைக்காமல் வேறொரு கட்டடத்தில் வையுங்கள். எங்களுடையது ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குப் போகிறது.