துன்பத்துக்கு இரு பதில்கள்: இஞ்ஞாசியாரும் சிப்பிரியானும்

2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்குகளுக்கு இரையாகும் தண்டனை பெற்றுக் கைதியாக ரோமுக்குப் போன, சிரியாவின் அந்தியோக்கியா நகர ஆயர் இஞ்ஞாசியார், தன்னைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்று அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். விலங்குகளின் பற்களில் அரைபடும் கடவுளின் கோதுமை என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். சாவே அவருக்குக் கிறிஸ்துவிடம் சேரும் வழி.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியானோ, 250இல் பேரரசர் தேசியுஸின் துன்புறுத்தலின்போது தலைமறைவானார். பழிச்சொல் வந்தது. ஆனாலும் கடிதங்கள் வழியாகவே சபையை நடத்தினார். பிறகு கொள்ளைநோய் பரவியபோது, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் உதவும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டார். உறவினர் உறவினரைக் கவனிக்கிறாரா, மருத்துவர் நோயாளியைக் கைவிடுகிறாரா என்று ஒவ்வொருவர் மனத்தையும் அந்த நோய் சோதிக்கிறது என்று போதித்தார். 258இல் தப்பி ஓடாமல் வாளுக்குத் தலைகொடுத்தார்.

இஞ்ஞாசியாரின் துணிவு என்னை மலைக்க வைக்கிறது. ஆனால் நெடுநாள் நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு, சிப்பிரியானைத்தான் வாசிக்கச் சொல்வேன்.