கம்பம் கடைகளில் விற்கும் ட்ரைக்கோடெர்மா பவுடர்: ஏலக்காய்ச் செடிக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ட்ரைக்கோடெர்மா என்பது நோய்க்கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சை. ஆனால் எந்த நோய்க்கு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கம்பமெட்டு மலைப்பாதை ஏறும் ஜீப்புகளில் உரமூட்டையோடு சேர்ந்து போகும் இந்த 1 கிலோ பவுடர் (டால்க் என்னும் கல்மாவில் பூஞ்சையைக் கலந்தது), பித்தியம், ரைசாக்டோனியா என்ற மண்கிருமிகள் கிளப்பும் கிழங்கு அழுகலுக்கு நன்றாகவே கேட்கும். பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் காய் அழுகலுக்கு இது மட்டும் போதாது. காய் பிடிக்கும் சரம் தரையில் கிடக்கிறது, மழைத்துளி மண்ணைக் காயில் தெறிக்கிறது. தூரில் போட்ட பவுடர் அங்கே எட்டாது. ஏற்கெனவே சொதசொதவென்று அழுகிய தூரை எந்தப் பாக்கெட்டும் மீட்காது.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கிராமுக்கு 20 லட்சம் சி.எஃப்.யு., அதாவது உயிரோடு முளைக்கும் பூஞ்சை வித்து (லேபிளில் 2×10⁶ என்றிருக்கும்), பதிவு எண், தயாரித்த தேதி மூன்றும் வேண்டும். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டிய சரக்கு இது. டால்க்கில் இருக்கும் பூஞ்சை மாதம் ஆக ஆகச் செத்துக்கொண்டே வரும். 4 மாதம் தாண்டிய பாக்கெட்டைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தால் தேதி பார்க்கும் வேலையும் மிச்சம்.

சந்தேகமா? ஆறிய சோற்றை இரண்டு தட்டில் வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை தூவி, இரண்டையும் மூடி வையுங்கள். தூவிய தட்டில் நாலைந்து நாளில் வெள்ளை படர்ந்து பச்சையாக மாற வேண்டும். இரண்டாவது தட்டு எதற்கு என்றால், ஊசிய சோற்றில் தானாகவும் பச்சைப் பூசணம் வரும்.

பவுடரை அப்படியே தூரில் தூவுவது காசை மண்ணில் போடுவதுதான். பெருக்கித்தான் போட வேண்டும். மக்கிய சாணி 90 கிலோ, பொடித்த வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, பவுடர் 1 கிலோ. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. நிழலில் குவித்து ஈரச்சாக்கால் மூடி, ஒரு வாரம் கழித்துக் கிளறி, தண்ணீர் தெளித்து, இன்னும் நாலைந்து நாள் விடுங்கள். குவியலின் மேல் பச்சை படர்ந்தால் தயார். பச்சைச் சாணி போட்டால் குவியல் சூடேறி பூஞ்சை வெந்துவிடும். தண்ணீர் அதிகமானால் காற்றில்லாமல் நாறும். பெரும்பாலும் கோளாறு பாக்கெட்டில் இல்லை, இந்த இடத்தில்தான்.

தென்மேற்கு மழைக்கு முன், மே மாதத்தில் தூருக்கு இந்தக் கலவை 1 கிலோ. ஏலத்தின் வேர் மேலாக ஓடுவதால் மண்வெட்டி வேண்டாம். சருகை விலக்கி, கையால் மண்ணோடு கலந்து, மறுபடி சருகை மூடிவிடுங்கள்.

அப்புறம் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி. கீழே கம்பத்தில் மயில்துத்தம் என்பதை மேலே மலையில் துரிசு என்பார்கள். பேர் எதுவானாலும் தாமிரம் இந்தப் பூஞ்சைக்கு எமன். இரண்டுக்கும் நடுவே 15 நாளாவது இடைவெளி வேண்டும். அழுகலுக்குப் பொட்டாசியம் பாஸ்போனேட் என்ற மருந்தை அடிப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டும் ஒத்துப்போகும்.

செலவு பாக்கெட்டில் இல்லை, சாணியில். 10 அடிக்கு 10 அடி நட்ட ஏக்கரில் 435 தூர் நிற்கும். அதற்கு 5 பாக்கெட், சாணி மட்டும் கிட்டத்தட்ட 400 கிலோ, மலை ஏற்றும் கூலி தனி.