புரட்டாசியில் பதநீர் விற்கிறார்கள்: பனந்தோப்பு பார்க்கக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

மகாளய அமாவாசைக்கு இராமேசுவரம் வந்து திரும்புகிற கூட்டமும், காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற கூட்டமும் ஒரே சமயத்தில் சேர்கிற மாதம் புரட்டாசி. இவர்களைக் குறிவைத்து 'பனந்தோப்பு அனுபவம்' என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. மரத்தடியில் பதநீர், கண்முன்னே காய்ச்சிய கருப்பட்டி, நீங்களே பிடுங்கும் பனங்கிழங்கு, மரமேறுவதைப் படமெடுக்கலாம் என்று வாட்சப்பில் படங்கள் வரும். முன்பணம் கைப்பேசியிலேயே போய்விடும்.

மதுரையிலிருந்து வந்த ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் இப்படி ஒரு தோப்பில் கொடுத்த கணக்கு இது. நுழைவு ஆளுக்கு 450 வீதம் 2,700 ரூபாய். கருப்பட்டி கிலோ 480 வீதம் 4 கிலோ 1,920. கிழங்கு இரண்டு கட்டு 300. மொத்தம் 4,920 ரூபாய். இதில் பனையிலிருந்து வந்தது எவ்வளவு என்று பார்த்தால், குடிக்கப் பட்டையாக மடித்துக் கொடுத்த ஓலையும் உட்கார்ந்த நிழலும்தான். தோப்பு உண்மை, மரம் உண்மை, சரக்கு மட்டும் வெளியிலிருந்து வந்தது.

முதலில் பதநீர். தை, மாசியில் பாளை வரும் மரங்களில் வேலை தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி உச்சம். ஆடிக்குள் ஓய்ந்துவிடும். புரட்டாசியில் அங்கொரு மரம் இங்கொரு மரம் தப்பிப் பாளை விட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஐம்பது பேருக்கு ஊற்றிக் கொடுக்க அது காணாது. அந்தக் குடும்பத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்து, "காலைல எறக்குனது சார், ஃபிரெஷ்" என்றார்களாம். சித்திரையிலேயே காலையில் இறக்கிய பதநீர் வெயிலேறினால் நிற்காது. கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பு புளிப்பதைத் தள்ளிப் போடும், நிறுத்தி வைக்காது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. ஆகவே 'சுண்ணாம்பே போடாத சுத்தமான பதநீர்' என்று யாராவது சொன்னால் அவருக்குப் பதநீர் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கேனில் இருந்தது சீனித் தண்ணீர், தெளிந்த சுண்ணாம்பு நீர், கொஞ்சம் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு. நாக்கில் கண்டுபிடிக்கலாம். பதநீரின் இனிப்பு விழுங்கியதும் அடங்கி, ஓரத்தில் மெல்லிய உவர்ப்பு நிற்கும், பாளை மணம் வரும். சாக்கரின் இனிப்பு விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் கசந்துகொண்டே இருக்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது.

மரத்தைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடலாம். பதநீர் இறங்குகிற மரத்தில் கலயம் பாளையின் நுனியில் தொங்கும். பாளையைக் கடிப்பு என்ற மரக்கிடுக்கி வைத்து நசுக்கி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவினால்தான் சொட்டு விழும். சில நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். விடுமுறை நாளில் மட்டும் ஆள் ஏறிக் காட்டுகிற மரத்தில் பதநீர் இறங்காது என்பதற்கு இதுவே காரணம். மேலே அண்ணாந்து பார்த்தால் கலயம் மட்டையில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், பாளையே இருக்காது. படத்துக்காகக் கட்டியது அது. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தரையில் நின்றே தெரியும். மழைக்காலம் நெருங்க நெருங்க மரம் வழுக்கும், கலயத்தில் மழைநீர் விழும். தொழில் தெரிந்த பனையேறி அப்போது ஏறமாட்டார்.

நுங்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் கிடைப்பது பெரும்பாலும் முற்றி இறுகிய கடுக்காய், பல் போகும். ஒரு காயில் மூன்று கண் என்று கணக்கு வைத்து விலை சொல்வார்கள், வெட்டினால் இரண்டு இருக்கும். விலையைச் சுளைக்குப் பேசுங்கள்.

இனி கருப்பட்டி. பணம் பெரிதாகப் போவது இதில்தான். அந்தத் தோப்பில் அடுப்பு மூட்டிச் சட்டி வைத்து, அரை மணி நேரத்தில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் காட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்திருக்கும். கணக்குப் போட்டால் உடைந்துவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். ஒன்பது லிட்டர் என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய எட்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். ஓலையும் கருவேல விறகும் போட்டு எரித்தாலும் மணிக்கணக்கில் ஆகும். இடையில் நுரை பொங்கும், ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவார்கள். பாகு பதம் வந்ததா என்று தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். அரை மணியில் முடிகிறதென்றால் சட்டியில் முதலிலேயே கெட்டிப் பாகு இருந்திருக்கிறது. சீனி, கழிவு வெல்லம், மணத்துக்குக் கொஞ்சம் பழைய கருப்பட்டி. மூன்றையும் கரைத்து வைத்ததைச் சூடாக்கி ஊற்றியிருக்கிறார்கள். பொங்கும் நுரை வந்ததா என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டால், இல்லை என்கிறார்கள்.

விலையிலேயும் பிடிக்கலாம். பதநீரை லிட்டர் 60 ரூபாய் என்று விற்கிற அதே ஆள், ஒன்பது லிட்டரைக் காய்ச்சி, விறகும் கூலியும் போட்டு, கிலோ 480-க்குக் கொடுப்பாரா? பதநீர் மட்டுமே 540 ஆகிறது. மொத்தமாகக் காய்ச்சுகிறவருக்குப் பதநீரின் அடக்கம் குறைவுதான், அதனால் இந்தக் கணக்கு ஒன்றே சான்றாகாது. ஆனாலும் நேரில் கேட்டுப் பாருங்கள். முகம் பதில் சொல்லிவிடும்.

வீட்டுச் சோதனைகளைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. ஓரளவு உதவுபவை சில. உடைத்த முகம் மங்கலாக, பொடி பொடியாக இருந்தால் நல்லது. வெயிலில் சீனிப் பருக்கை மாதிரி மினுக்கினால் கலப்படம். வாயில் போட்டால் நறநறக்கக் கூடாது, கடைசியில் அந்த உவர்ப்பு வர வேண்டும். நல்லதை வெந்நீரில் கரைத்தால் அடியில் சுண்ணாம்பும் நார்த்துகளும் கொஞ்சம் படியும். ஐப்பசி மழைக்கு நல்ல கருப்பட்டி வேர்த்து நெகிழும். சீனி மிகுந்தது பெரும்பாலும் கல் மாதிரி நிற்கும். மழை மாதத்தில் "பாருங்க சார், எவ்ளோ கெட்டியா இருக்கு" என்று தட்டிக் காட்டினால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதநீர் கொதிக்கும்போதே அளவாகச் சீனி சேர்த்திருந்தால் இந்தச் சோதனைகளில் எதுவும் பிடிக்காது. பதநீரின் இனிப்பும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். ஆனால் கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் முறை வேறு. கரும்பு சி4 வகை, பனை சி3 வகை. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 விகிதம் வேறுபடும். ஆய்வகத்தில் கரும்புச் சீனி கலந்ததைக் காட்டிக்கொடுப்பது அந்த வேறுபாடு. நம் நாக்குக்கு அந்த வசதி இல்லை. சுக்கும் மிளகும் போட்ட சில்லுக் கருப்பட்டியில் நாக்கும் தோற்றுவிடும், காரம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. முதல்முறை ஓரிடத்தில் வாங்கும்போது சாதாரணக் கருப்பட்டியாக, அரைக் கிலோ மட்டும் வாங்குங்கள்.

சுக்ரோஸ் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 'சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நூறு விழுக்காடு அசல் கருப்பட்டியாக இருந்தாலும் அந்தப் பலகை பொய்.

எடையிலும் வேலை நடக்கிறது. ஓலைக் கொட்டானோடு சேர்த்து நிறுக்கிறார்கள். ஈர ஓலை கனக்கும். கொட்டானைத் தனியே நிறுத்துக் கழிக்கச் சொல்லுங்கள், தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பொட்டலமாக இருந்தால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர எடை, பொதிந்த தேதி அச்சிட்டிருக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் நின்றுகொண்டு 'உடன்குடி கருப்பட்டி' என்று விற்பதும் உண்டு. உடன்குடி தூத்துக்குடி மாவட்டம், அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கத்துச் சரக்குக்கு எந்தக் குறையும் இல்லை. சொந்த ஊர்ப் பெயரை மறைத்து விற்கிறவர் வேறு எதை மறைக்கிறாரோ.

புரட்டாசியில் 'இன்றைய கருப்பட்டி' கிடையாது என்றால், கருப்பட்டியே கிடையாது என்று பொருளில்லை. வைகாசி, ஆனியில் காய்ச்சியது பரணில் இருக்கும். பழைய கருப்பட்டியை மருந்துக்கென்று தேடி வாங்குகிறவர்களும் உண்டு. "வைகாசிச் சரக்கு" என்று தானாகச் சொல்கிறவரிடம் தைரியமாக வாங்கலாம்.

அடுத்தது பிள்ளைகளை ஆசைகாட்டிய கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, மணலைக் கூட்டிய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடுவார்கள். கிழங்கு தேறி வரக் குறைந்தது மூன்று மாதம், மார்கழிக் கடைசி ஆகிவிடும். பொங்கலுக்குத்தான் கட்டுக் கட்டாக வரும். புரட்டாசியில் பாத்தியைக் கிண்டினால் முளை விட்ட கொட்டை இருக்கும், இல்லையென்றால் விரல் தடிமனில் வெறும் வேர் இருக்கும். வேகவைத்தால் நார் தவிர ஒன்றும் மிஞ்சாது. அந்த 300 ரூபாய்க் கட்டு அப்படிப்பட்டது. பிஞ்சிலேயே பிடுங்கியதால் பாத்தியும் வீண்.

உண்மையில் இந்த மாதத்திலும் அடுத்து வரும் ஐப்பசியிலும் தோப்பில் இரண்டு நல்ல பொருள் உண்டு, இரண்டையும் யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒன்று பனம்பழம். இரவில் தானாக விழும், விடியற்காலையில் போய்ப் பொறுக்க வேண்டும். மணம் தூக்கும். தோலில் வண்டு துளைத்த ஓட்டையும் புளித்த வாடையும் இருந்தால் விட்டுவிடுங்கள். மரத்துக்கு மரம் சுவை மாறும், சிலது கசந்து காறும், ஆகவே ஒரே மரத்தடியில் அள்ளாமல் கலந்து எடுத்துச் சுட்டுப் பாருங்கள். மற்றொன்று தவுன். சில ஊர்களில் பூரான் என்பார்கள். முளை விட்ட கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போன்ற இனிப்பு உருண்டை. கிழங்கு தேறத் தேறத் தவுன் சத்து இழந்து வற்றும். எனவே ஐப்பசி அதற்கு நல்ல சமயம். வெட்டுவதை மட்டும் அரிவாள் பழகியவரிடம் விடுங்கள், கொட்டை நழுவும். மரத்தடியில் ஓடும் பிள்ளைகளுக்குச் செருப்பு இருக்கட்டும், காய்ந்த மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். பழம் விழுகிற காலத்தில் மரத்துக்கு நேர்கீழே உட்கார வைக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பணம் அனுப்பிய பதிவு, விளம்பரப் படம், மிச்சமிருக்கும் கருப்பட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கலப்படப் புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்திருந்தால் கடினம்.

இனி போகிறவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப வந்தா பதநீர் கிடைக்குமாண்ணே?" கிடைக்கும், எத்தனை பேர் வர்றீங்க என்றால் போனை வைத்துவிடுங்கள். "இப்ப ஏது தம்பி பதநீரு, பழந்தான் கெடக்கு, வேணும்னா விடியக்காலைல வாங்க" என்று சொன்னால், அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.